தாடை மூட்டு நோவும் மாதக் கணக்கும்: வலி மருந்து ஏன் எல்லோருக்கும் ஒன்றுபோல் கேட்பதில்லை

காதுக்கு நேர் முன்னால் இரண்டு விரலை வைத்து, வாயை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஒரு சின்ன எலும்புத் தலை உருண்டு, முன்னால் வழுக்கிப்போய், மறுபடி தன் குழிக்குத் திரும்புவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. எலும்புக்கும் குழிக்கும் நடுவே மெல்லிய ஒரு தட்டு இருக்கிறது. அது கொஞ்சம் விலகினால் வாய் திறக்கும்போது 'டக்' என்று சத்தம் கேட்கும். முழங்கால் நோகும்போது காலை நீட்டிக்கொண்டு இருந்துவிடலாம். சாப்பாடு, பேச்சு, கொட்டாவி, எச்சில் விழுங்குவது எல்லாவற்றுக்கும் தேவைப்படும் இந்த மூட்டுக்கு ஓய்வு கொடுப்பது லேசான காரியம் இல்லை.

திருகோணமலையில் இந்த நோவு பெரும்பாலும் தன் சொந்தப் பெயரில் வருவதில்லை. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால், "காத்து காதுக்குள்ள போயிட்டுது" என்று தலையைச் சுற்றித் துணி கட்டிக்கொள்வார்கள். அதற்கு அப்புறம் கொடுப்புப் பல்லின் மேல் சந்தேகம் வரும். பனடோல் இரண்டு போட்டுப் பார்ப்பார்கள். ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) கடித்ததால் வந்தது என்று யாராவது சொல்வார்கள். கடைசியில் பல் டொக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுத்தால், பல்லில் ஒன்றும் இல்லை என்று வரும்.

சாம்பல்தீவில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு நடந்தது இதுதான். முப்பத்தைந்து வயதில் தொடங்கிய நோவு. "மாசத்தில ஒரு கிழமைதான் இந்தப் பாடு. மற்ற நாளில பனடோல் போட்டா கேக்குது. அந்தக் கிழமையில மட்டும் எதைப் போட்டாலும் கேக்குதில்லை" என்று அவர் சொன்னதை நானே பக்கத்தில் இருந்து கேட்டேன். எதிரில் இருந்த வைத்தியர், "யோசிக்கிறது கூடிப்போச்சு அம்மா, மனசை லேசா வச்சிருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஏனென்றால் சின்னம்மா சொன்னது மனக்கவலை இல்லை, அது தகவல். எந்த நாளில் நோவு ஏறுகிறது, எந்த நாளில் மருந்து கேட்கவில்லை என்று ஒரு பெண் சொல்லும்போது, ஆய்வுக்கூடங்கள் முப்பது வருடமாக விடை தேடிக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியைத்தான் அவர் தன் வாயால் சொல்கிறார்.

தாடை மூட்டு நோவு ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. பொதுச் சனத்தொகையில் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிகிச்சைக்கு வருகிறவர்களை எடுத்தால் அந்த இடைவெளி இன்னும் பெரிது. வயதையும் கவனிக்க வேண்டும். முழங்கால் தேய்மானம்போல் வயது ஏற ஏற இது கூடிக்கொண்டு போவதில்லை. பூப்பெய்திய பிறகு தலைகாட்டி, இருபதிலிருந்து நாற்பதுகள் வரை உச்சத்தில் நின்று, மாதவிடாய் நின்ற பிறகு குறைகிறது. ஒரு மூட்டு நோவு பெண்ணின் மகப்பேற்று வயதோடு இப்படி ஒட்டி நடக்கிறதென்றால், பாலியல் ஹோர்மோன்களைச் சந்தேகிக்காமல் இருக்க முடியாது.

அமெரிக்காவில் சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிண்டா லெரெஷ் என்பவரும் அவருடைய குழுவினரும் இதை நாள் கணக்கில் தொடர்ந்தார்கள். 2003 இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், தாடை நோவுள்ள பெண்கள் தங்கள் நோவை நாளாந்தம் பதிந்தார்கள். மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும் மாதவிடாயின் முதல் நாட்களிலும் நோவு ஏறியது. கருமுட்டை வெளிவரும் நாட்களை ஒட்டி இன்னொரு சின்ன ஏற்றமும் தெரிந்தது. முதல் ஏற்றம் முக்கிய பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரோஜன் அடிமட்டத்துக்கு இறங்கும் காலம், இரண்டாவது அது சடாரென்று ஏறி இறங்கும் காலம். அதே குழு 2005 இல் கர்ப்பிணிகளைப் பற்றி எழுதியது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாடை நோவு நன்றாகக் குறைந்து, பிள்ளை பிறந்த பிறகு திரும்பியிருந்தது. அதற்கும் முன்னர், 1997 இல், மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுத்த பெண்களிடம் இந்த நோவு சுமார் 30 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டதையும் அவர்கள் காட்டியிருந்தார்கள். கர்ப்பகாலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற, நோவு குறைகிறது. மாத்திரையாக ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் நோவு கூடுகிறது. இந்த முரண்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கீழே அது தேவைப்படும்.

இனி மருந்துக்கு வருவோம். ஓபியாயிட் என்ற வலுவான நோவு மருந்து வகையைச் சொன்னதும் மோர்ஃபின், அபின், புற்றுநோய் வாட் என்றுதான் மனம் போகும். ஆனால் நம் உடம்பே தனக்குத் தேவையான ஓபியாயிட்டைச் செய்துகொள்கிறது. ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் ஜோன் ஹியூஸ், ஹான்ஸ் கொஸ்டர்லிட்ஸ் இருவரும் 1975 இல் மூளையிலிருந்து என்கெஃபலின் என்ற பொருட்களைப் பிரித்தெடுத்தபோது இது உறுதியானது. எண்டோர்ஃபின், டைனோர்ஃபின் பின்னால் வந்து சேர்ந்தன. இவை வேலை செய்வது நரம்பு உயிரணுக்களின் மேலுள்ள ஏற்பிகள், அதாவது இந்தப் பொருட்கள் வந்து பிடித்துக்கொள்ளும் இடங்கள், வழியாக. அவற்றில் முக்கியமானவை மூன்று வகை: மியூ, டெல்டா, கப்பா. மோர்ஃபின் பெரும்பாலும் மியூவைத் தூண்டுகிறது. டைனோர்ஃபின் கப்பாவை நாடுகிறது. ஏற்பி தூண்டப்பட்டால் நரம்புக்குள் கல்சியம் நுழைவது குறைந்து, பொட்டாசியம் வெளியே போவது கூடி, நோவுச் செய்தியை அடுத்த நரம்புக்குக் கடத்தும் வேகம் தளர்ந்துவிடும்.

இந்த ஏற்பிகள் மூளையிலும் முள்ளந்தண்டிலும் மட்டும்தான் இருக்கின்றன என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். மூட்டுக்கு வரும் நரம்பு நுனிகளிலும் அவை இருக்கின்றன. 1991 இல் கிறிஸ்டோஃப் ஸ்டைன் குழுவினர், முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மிகக் குறைந்த அளவு மோர்ஃபினை மூட்டுக்குள்ளேயே ஏற்றி நோவைக் குறைத்துக் காட்டினார்கள். இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய் வேலை செய்ய அந்த அளவு போதாது. மருந்து மூட்டிலேயே நின்று வேலை பார்த்திருக்கிறது. முழங்காலில் நடந்தால் தாடையிலும் நடக்குமா, நடந்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி நடக்குமா என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

பிரேசிலில் காம்பினாஸ் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பீடம் பிராசிகாபா என்ற ஊரில் இருக்கிறது. அங்கே கிளாடியா டம்பெலியும் அவரோடு வேலை செய்தவர்களும் எலிகளில் செய்து 2004 இல் வெளியிட்ட பரிசோதனை இந்தக் கதையின் நடுநாயகம், அதனால் அதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். எலியால் "நோகுது" என்று சொல்ல முடியாது. தாடை மூட்டுக்குள் நோவை உண்டாக்கும் ஃபோமலின் துளி ஏற்றினால் அது தலையை வெடுக்கென்று உதறும், முன்காலால் முகத்தைத் தேய்க்கும். ஆய்வாளர்கள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இருந்து அந்த உதறல்களையும் தேய்ப்பையும் கணக்கெடுப்பார்கள். பெண் எலிக்கு இனப்பெருக்கச் சுழற்சி நாலைந்து நாளில் முடிந்துவிடும். அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பிறப்புறுப்பிலிருந்து எடுத்த ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்து அறிந்துகொள்ளலாம். ஈஸ்ட்ரோஜனும் இன்னொரு பெண் ஹோர்மோனான புரோஜெஸ்டரோனும் உச்சத்தில் இருக்கும் கட்டம் ஒன்று, தாழ்ந்திருக்கும் கட்டம் இன்னொன்று. இந்த இரண்டு வகைப் பெண் எலிகளையும் ஆண் எலிகளையும் எடுத்து, கப்பா ஏற்பியை மட்டும் தூண்டும் மருந்தை நோகும் மூட்டுக்குள் கொடுத்துப் பார்த்தார்கள்.

மூன்று கூட்டத்துக்கும் நோவு குறைந்தது. ஆனால் பெண் எலிகளுக்குக் கூடுதலாகக் குறைந்தது. அவற்றிலும் ஹோர்மோன் தாழ்ந்திருந்த எலிகளுக்குத்தான் மருந்து அதிகம் கேட்டது. அதே மருந்தை மறுபக்கத் தாடையில் ஏற்றியபோது ஒரு பலனும் இல்லை. ஆகவே அது இரத்தத்தில் போய் எங்கோ வேலை செய்யவில்லை, கொடுத்த மூட்டிலேயே செய்தது. ஒரே மருந்து, ஒரே மூட்டு. எலியின் பால் மாறியபோதும், ஹோர்மோன் நிலை மாறியபோதும் பலன் மாறியது.

எலியில் நடந்தது மனிதரில் நடக்குமா என்று கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பாதி விடை எட்டு வருடம் முந்தியே கிடைத்திருந்தது, அதுவும் தாடையிலிருந்தே. சான் ஃபிரான்சிஸ்கோவில் ரொபர்ட் கியர், ஜோன் லெவின் குழுவினர் ஞானப்பல் பிடுங்கியவர்களுக்குக் கப்பா வழியாக வேலை செய்யும் மருந்துகளைக் கொடுத்து 1996 இல் முடிவை வெளியிட்டார்கள். பெண்களுக்கு நோவு ஆண்களைவிட நன்றாகவும் நெடுநேரமும் அடங்கியது. 1999 இல் இன்னும் வியப்பான ஒன்று வந்தது. அந்த மருந்துகளில் ஒன்றான நல்பியூஃபினை 5 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் கொடுத்தபோது, ஆண்களுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களைவிட நோவு கூடிவிட்டது. நோவு தணிக்கக் கொடுத்த மருந்து ஒரு பாலாரில் நோவை ஏற்றியிருக்கிறது. ஆணையும் பெண்ணையும் ஒரே அட்டவணையில் போட்டுச் சராசரி எடுத்திருந்தால் இந்த உண்மை அப்படியே புதைந்து போயிருக்கும்.

ஆண்களின் பக்கத்தில் ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டெரோன் நிற்கிறது. பிராசிகாபாக் குழுவே 2007 இல் காட்டியதன்படி, விதை நீக்கப்பட்ட ஆண் எலிகளுக்கு, மற்ற ஆண் எலிகளுக்கு நோவு வராத அளவு குறைந்த ஃபோமலினே தாடை நோவை உண்டாக்கியது. டெஸ்டோஸ்டெரோனைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்புத் திரும்பியது. அமெரிக்காவின் மேரிலாந்தில் நடந்த ஆய்வுகள் இதன் உள்வேலையைத் தொட்டன. முகத்துக்கும் தாடைக்கும் உணர்ச்சி கொண்டுவரும் முக்கிளை நரம்பின் கணுவில், மியூ ஏற்பியைச் செய்யும் மரபணுவை ஆண் ஹோர்மோனின் ஏற்பி நேரடியாகத் தூண்டிவிடுகிறது. அதாவது டெஸ்டோஸ்டெரோன் இருக்கும் இடத்தில் மோர்ஃபின் போன்ற மருந்து போய்ப் பிடிக்கக் கூடுதல் ஏற்பிகள் இருக்கின்றன.

ஈஸ்ட்ரோஜனின் கணக்கு இத்தனை நேராக வராது. சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கொழும்பு, காலிப் பக்கம் கடல் கொந்தளிக்கும்போது நம் நிலாவெளியில் தண்ணீர் தடாகம்போல் கிடக்கும், மாரியில் வாடை பிடித்தால் அப்படியே தலைகீழாகிவிடும். காற்று ஒன்றுதான், எந்தக் கரையில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துக் கடல் மாறுகிறது. ஈஸ்ட்ரோஜனும் அப்படித்தான்: எந்த ஏற்பி, உடம்பின் எந்த இடம், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து அது நோவைத் தணிக்கும் அல்லது ஏற்றும்.

சில உதாரணங்கள் பார்ப்போம். டேவிட் பெரைட்டர் என்ற ஆய்வாளரின் ஆய்வுக்கூடத்தில், மூளைத்தண்டின் அடியில் தாடை மூட்டுச் செய்திகளை வாங்கும் நரம்பு உயிரணுக்களைப் பெண் எலிகளில் நேரடியாக அளந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருந்த எலிகளில் மோர்ஃபின் அந்த உயிரணுக்களை நன்றாக அடக்கியது. அதிகமாக இருந்தவற்றில் அவ்வளவு அடங்கவில்லை. இதை மட்டும் பார்த்தால் ஈஸ்ட்ரோஜன் ஓபியாயிட்டுக்கு எதிரி என்று முடிவு கட்டிவிடலாம்.

ஆனால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மனிதரில் நடந்த ஆய்வு வேறு பக்கத்தைக் காட்டியது. அங்கே யொலாண்டா ஸ்மித், ஜோன்-கார் சுபியேட்டா குழுவினர், கன்னத்திலுள்ள மெல்லும் தசைக்குள் செறிவான உப்புக் கரைசலை மெல்ல மெல்ல ஏற்றி, தாடை நோவு போன்ற ஒரு நோவை உண்டாக்கினார்கள். அந்த நேரத்தில் மூளையின் மியூ ஏற்பிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை, மூளைக்குள் நடப்பதைப் படமாக்கும் பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். மாதவிடாயை அடுத்த, ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்த நாட்களில் பெண்களின் மூளை தன் சொந்த ஓபியாயிட்டைக் கொஞ்சமாகத்தான் இறக்கியது. இதே மாதிரியான நாட்களில் இருந்த பெண்களை ஆண்களோடு ஒப்பிட்ட 2002 ஆய்வில், ஆண்களுக்கு அந்த ஓபியாயிட் கூடுதலாக வேலை செய்திருந்தது. 2006 இல் வெளிவந்த ஆய்வில், முதலில் ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்த நாட்களில் அளந்த பெண்களுக்கே ஈஸ்ட்ரோஜன் ஒட்டுத்தாள் மூலம் அளவை உயர்த்திப் பார்த்தபோது, மூளையில் மியூ ஏற்பிகளும் கூடின, நோவு நேரத்தில் அவற்றின் வேலையும் கூடியது.

சின்னம்மாவின் "அந்தக் கிழமை" இங்கே பொருந்துகிறது என்பது என் எண்ணம். ஈஸ்ட்ரோஜன் விழும் நாட்களில் நோவும் ஏறுகிறது, உடம்பின் சொந்த நோவு தணிப்பும் பின்வாங்குகிறது. அந்த நிலையில் நிற்கும் ஒருவருக்கு வழமையான பனடோல் போதாமல் போவதில் அதிசயம் எதுவும் இல்லை.

கர்ப்பகாலத்து முரண்பாட்டுக்கும் இங்கே ஒரு வழி தெரிகிறது. நியூயோர்க்கில் அலன் கின்ஸ்லர் 1980 இலேயே, கர்ப்பிணி எலிகளின் நோவு தாங்கும் அளவு பிரசவத்தை நோக்கிப் படிப்படியாக ஏறுவதையும், ஓபியாயிட்டைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் அந்த ஏற்றம் காணாமல் போவதையும் காட்டினார். பிந்திய ஆய்வுகளில், கர்ப்பமில்லாத எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டரோனையும் கர்ப்பகால அளவிலும் ஒழுங்கிலும் சேர்த்துக் கொடுத்தபோதும் அதே பலன் வந்தது. அதைச் செய்தவை முள்ளந்தண்டிலுள்ள டைனோர்ஃபினும் கப்பா ஏற்பியும். தனியாக வரும் ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டரோனோடு மாதக்கணக்கில் சேர்ந்து நிற்கும் ஈஸ்ட்ரோஜனும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கர்ப்பத்தில் தாடை நோவு குறைவதும், மாத்திரையில் கூடுவதும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை.

இவ்வளவும் ஏன் இத்தனை பிந்தித் தெரிய வந்தது? விலங்குப் பரிசோதனைகளில் நோவு ஆய்வாளர்கள் நெடுங்காலம் ஆண் எலிகளையே எடுத்தார்கள். பெண் எலிக்குச் சுழற்சி இருக்கிறது, அது கணக்கைக் குழப்பும் என்பதுதான் காரணம். மனிதரிலும் இதே கதைதான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977 இல் பிள்ளை பெறும் வயதுப் பெண்களை ஆரம்பக்கட்ட மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கும்படி சொன்னது. 1993 இல்தான் அதை மாற்றிக்கொண்டது. ஆய்வு விலங்குகளில் இரு பாலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற விதி அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனங்களில் நடைமுறைக்கு வந்தது 2016 இல். குழப்பம் என்று ஒதுக்கப்பட்ட அந்தச் சுழற்சிக்குள்தான் விடை இருந்தது. இந்த நோவை அதிகம் சுமப்பவர்கள் பெண்கள், அளவெடுக்கப்பட்டதோ பெரும்பாலும் ஆணின் உடம்பு. இதை அநியாயம் என்று சொல்ல நான் தயங்கவில்லை.

சரி, அப்படியென்றால் தாடை நோவுள்ள பெண்களுக்குக் கப்பா மருந்தைக் கொடுத்துவிடலாமே? முடியாது. மூளைக்குள் புகும் கப்பா மருந்துகள் மனதைக் கலக்கும். காரணமில்லாத துயரம், மயக்கம், சிலருக்கு இல்லாத காட்சிகள். அதனால்தான் பிராசிகாபா ஆய்வு போன்றவை மூட்டோடு நின்றுவிடும் மருந்தைத் தேடுகின்றன. மூளைக்குள் எளிதில் போகாத கப்பா மருந்து ஒன்று ஏற்கெனவே பாவனையில் இருக்கிறது. டிஃபெலிகெஃபாலின் என்ற அதற்கு அமெரிக்கா 2021 இல் அனுமதி கொடுத்தது, ஆனால் நோவுக்கு இல்லை, இரத்தச் சுத்திகரிப்புச் செய்யும் சிறுநீரக நோயாளிகளின் அரிப்புக்கு.

இதைப் படித்துவிட்டு யாரும் ஃபார்மசியில் ட்ரமடோல் என்ற ஓபியாயிட் மாத்திரையைக் கேட்கக் கூடாது என்பதற்காக அழுத்திச் சொல்கிறேன்: நாட்பட்ட தாடை நோவுக்கு ஓபியாயிட் முதல் மருந்தும் இல்லை, இரண்டாவது மருந்தும் இல்லை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டி, ஓபியாயிட்டை வழமையான அழற்சி தணிக்கும் மாத்திரையோடு சேர்த்துக் கொடுப்பதற்கு எதிராக உறுதியாகவே பேசுகிறது. அது முன்னால் வைப்பவை தாடைப் பயிற்சி, பிசியோதெரபியில் கையால் தசையைத் தளர்த்துவது, நோவைச் சமாளிக்கும் மனப்பயிற்சி. தட்டை வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சையும் பல் அமைப்பை நிரந்தரமாக மாற்றும் சிகிச்சையும் வேண்டாம் என்கிறது. நோவு ஏறும் நாட்களில் கஞ்சி, இடியப்பம், சொதி என்று மெதுவான சாப்பாடு, கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம், கொட்டாவி வரும்போது நாடிக்கு அடியில் கை கொடுப்பது. ஒடியல், கருவாட்டுத் துண்டு, வறுத்த கச்சான் கடலை எல்லாம் அந்தக் கிழமை தள்ளியே இருக்கட்டும்.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். நம் பகுதியில் வெத்திலை, பாக்குப் போடுகிறவர்களுக்கு வாய் திறப்பது மெல்ல மெல்லக் குறைந்தால், உறைப்புப் பட்டால் வாய் எரிந்தால், உள்கன்னம் வெளிறி இறுகினால், அது மூட்டும் இல்லை, ஹோர்மோனும் இல்லை. பாக்கினால் உள்தோல் இறுகும் நோய் அது, புற்றுநோய்க்கு வழிவிடக் கூடியது. உடனே காட்ட வேண்டும். திறந்த வாய் மூட முடியாமல் போனாலும், காய்ச்சலோடு கன்னம் வீங்கினாலும், நடக்கும்போது இடது தாடைக்கு நோவு ஏறி நெஞ்சும் இறுகினாலும் அப்படியே.

வைத்தியரிடம் போகும் பெண்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. சுவரில் தொங்கும் கலண்டரில் மாதவிடாய் தொடங்கும் நாளையும், நோவு ஏறிய நாட்களையும், எந்த நாளில் என்ன மாத்திரை போட்டு அது கேட்டதா இல்லையா என்பதையும் இரண்டு மூன்று மாதத்துக்குக் குறித்துக்கொள்ளுங்கள். குடும்பநல உத்தியோகத்தர் போட்ட கர்ப்பத்தடை ஊசியோ, எடுக்கும் மாத்திரையோ, மாதவிடாய் நின்ற பிறகு எடுக்கும் ஹோர்மோனோ இருந்தால் அதையும் அதே தாளில் எழுதுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பல் டொக்டருக்கு இதெல்லாம் எதற்கு என்று கூச்சப்படவும் வேண்டாம். அவர் கேட்காவிட்டாலும் தாளை மேசையில் வையுங்கள். கூடப் போகும் கணவரோ தம்பியோ மகனோ, அவர் அதை விளக்கி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்தால் போதும்.